தீவனப்பயிரின் மரபுப் பன்மையை அளக்கும்போது எண்கள் இடறினால்: அறிகுறியைப் பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

நெல்லிலோ உளுந்திலோ மார்க்கர் (டிஎன்ஏவில் வேறுபாடு காட்டும் அடையாள இடம்) வேலை பழகியவர்கள் தீவனப்பயிருக்கு வந்ததும் தடுமாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். நெல்லில் ஒரு ரகம் என்றால் ஏறக்குறைய ஒரே மரபமைப்பு. ஒரு செடியின் இலையைக் கிள்ளினால் ரகத்தின் டிஎன்ஏ கைக்கு வந்துவிடும். குதிரை மசாலில் ஒரு ரகம் என்பது ஒன்றுக்கொன்று வேறுபட்ட செடிகளின் கூட்டம். கம்பு நேப்பியரில் ரகம் என்பது ஒரே செடி, கரணை கரணையாகப் பெருகி வந்தது. கொழுக்கட்டைப் புல்லில் விதை உண்டு. ஆனால் அந்த விதைக்குள் பெரும்பாலும் தாயின் நகல்தான் இருக்கிறது. இந்த மூன்றுக்கும் ஒரே மாதிரி எடுப்பு, ஒரே சூத்திரம், ஒரே உறவு மரப்படம் என்று போனால் எண் வரத்தான் செய்யும். அது பயிரைப் பற்றி எதுவும் சொல்லாது.

அதனால் அறிகுறிகளுக்குள் போகும் முன் மூன்று விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பயிர் எப்படி இனப்பெருக்கம் செய்கிறது? குரோமோசோம் தொகுதி எத்தனை மடி? நீங்கள் 'ரகம்' என்று கையில் வைத்திருப்பது கூட்டமா, நகலா, தூய வழியா? தீவனச் சோளம் 20 குரோமோசோம், இருமடியம். தீவனத் தட்டைப்பயறு 22, இருமடியம், தன் மகரந்தச் சேர்க்கை. இவை இரண்டிலும் தலைவலி குறைவு. கம்பு 14, நேப்பியர் 28, இரண்டும் சேர்ந்த ஒட்டுப்புல் 21. அது மும்மடியம், மலடு. குதிரை மசால் 32, ஒரே தொகுதி நான்கு தடவை இருக்கும் தன்நான்மடியம். கினியா புல் பெரும்பாலும் 32, கொழுக்கட்டைப் புல் பெரும்பாலும் 36. இரண்டும் நான்மடியம், இரண்டிலும் அப்போமிக்சிஸ், அதாவது கருவுறாமலே கரு உண்டாகி விதையாவது. இந்தத் தாள் கையில் இருந்தால் கீழே உள்ள பாதிப் பிரச்சினைகள் தாமாகவே புரியும்.

அறிகுறி: டிஎன்ஏ உருண்டை கரையவில்லை, பிசிஆர் ஓடவில்லை

குழாயின் அடியில் இருப்பதை உற்றுப் பாருங்கள். கண்ணாடி போல வழவழவென்று, பிப்பெட் முனையில் நூலாக இழுபட்டு வந்தால் அது கூட்டுச்சர்க்கரை. பழுப்பாகவோ தேநீர் நிறத்திலோ இருந்தால் ஃபீனால் பொருட்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து டிஎன்ஏவோடு ஒட்டிக்கொண்டிருக்கின்றன. முதலாவது புல் வகைகளின் முற்றிய இலையில் சகஜம், இரண்டாவது மசால் வகைகளில் அதிகம். நானோடிராப் கருவியில் ஒளி உறிஞ்சலின் 260/280 விகிதம் 1.8 என்று அழகாக வந்ததும் திருப்தி அடைந்துவிடாதீர்கள். 260/230 விகிதத்தைப் பாருங்கள். அது 2-ஐ ஒட்டி இல்லாமல் 1-க்குக் கீழே கிடந்தால் சிக்கல் அங்கேதான்.

சோதனை எளிது. அதே டிஎன்ஏவைப் பத்து மடங்கு நீர்த்து பிசிஆர் போடுங்கள். நீர்த்தது ஓடி, நீர்க்காதது ஓடவில்லை என்றால் தடைப்பொருள் இருக்கிறது என்று பொருள். பிரைமரை மாற்றிப் பயனில்லை. மறுமுறை பிரித்தெடுக்கும்போது, பயிரை அறுத்துவிட்டு, மறுதாம்பில் ஒரு வாரம் பத்து நாளில் வரும் இளங்குருத்தை எடுங்கள். தீவனப்பயிரில் நமக்குள்ள பெரிய வசதியே அறுத்தால் திரும்பத் தழைப்பதுதான். டிஎன்ஏ பிரித்தெடுக்கும் சிடிஏபி கரைசலில் வழக்கமான 1.4 மோலார் உப்பை 2 மோலாருக்கு மேல் ஏற்றுங்கள், ஃபீனாலைப் பிடித்துக்கொள்ளும் பிவிபி சேருங்கள், மெர்காப்டோஎத்தனாலை அரைக்கும் நேரத்தில் புதிதாகக் கலந்துகொள்ளுங்கள், குளோரோஃபார்ம் கழுவலை இரண்டு தடவை செய்யுங்கள். ஜிபிஎஸ் (டிஎன்ஏவை நொதியால் வெட்டி, துண்டுகளை வரிசையாக்கி மரபமைப்பை அறியும் முறை) போன்ற வரிசையாக்க வேலைக்கு அனுப்புவதாக இருந்தால், கொஞ்சம் டிஎன்ஏவை வெட்டு நொதி போட்டு ஜெல்லில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள். வெட்டுப்படாத டிஎன்ஏவை அனுப்பிவிட்டு, விடுபட்ட தரவுகளைக் கணினியில் சரிசெய்ய உட்காருவது வீண் வேலை.

அறிகுறி: எல்லா ரகமும் ஒரே மாதிரித் தெரிகின்றன

இதற்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றையும் இந்த வரிசையிலேயே கழியுங்கள். முதலில் ஜெல். எஸ்எஸ்ஆர் (குறுந்தொடர் திரும்பத் திரும்ப வரும் இடம்) மார்க்கரின் அல்லீல்கள், அதாவது ஒரே இடத்தின் மாற்று வடிவங்கள், இரண்டு கார இணை அளவே வேறுபடலாம். 3 சதவீத அகரோஸ் ஜெல் அதைப் பிரிக்காது. இரண்டு வேறு அல்லீல்கள் ஒரே பேண்டாக நிற்கும், நீங்களும் ஒன்று என்று எழுதிவிடுவீர்கள். பாலிஅக்ரிலமைடு ஜெல்லில் அல்லது கேப்பில்லரியில் ஓட்டுங்கள்.

அடுத்தது பிரைமர். நேப்பியருக்குக் கம்பின் எஸ்எஸ்ஆர் பிரைமர்களையும், குதிரை மசாலுக்கு அதன் இருமடிய உறவான மெடிகாகோ டிரங்கட்டுலாவின் பிரைமர்களையும் கடன் வாங்குவது வழக்கம். இனம் தாண்டியும் வேலை செய்யும் பிரைமர்கள் பெரும்பாலும் மரபணுவுக்குள்ளோ அதன் அருகிலோ மாறாமல் நிற்கும் பகுதியில் உட்கார்ந்திருப்பவை. ஓடுவது உறுதி, வேறுபாடு காட்டுவது உறுதியில்லை.

இரண்டும் சரி என்றால் மூன்றாவது: உண்மையிலேயே அடித்தளம் குறுகியது. இதைக் கண்டுபிடிக்க, உங்கள் தொகுப்போடு ஒரு தூரத்து உறவையும் ஓட்டுங்கள். அது தெளிவாகப் பிரிந்து நின்று, ரகங்கள் மட்டும் ஒட்டிக் கிடந்தால் மார்க்கர் மேல் பழி இல்லை. ரகங்களின் பெற்றோர் பட்டியலை எடுத்துப் பார்த்தால் அதே இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும்.

அறிகுறி: ஒவ்வொரு செடியும் வேறு, ரகங்கள் பிரியவே இல்லை

குதிரை மசால்காரர்களின் நிரந்தரக் கவலை இது. ஆனந்த் 2, ராகுரியின் ஆர்எல் 88 என்று பெயர் எழுதி ஒவ்வொன்றிலும் சில செடிகளை ஓட்டினால், மரப்படத்தில் ஆனந்த் செடிக்குப் பக்கத்தில் ராகுரிச் செடி நிற்கும். மாதிரிகள் கலந்துவிட்டதோ என்று ஆய்வகத்தையே கலைத்துப் போட்டுத் தேடுவார்கள். பெரும்பாலும் எதுவும் கலந்திருக்காது.

குதிரை மசால் அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிர். தேனீ வந்து உட்கார்ந்ததும் படகிதழுக்குள் அடைபட்ட சூல்தண்டு விசையோடு தெறித்து எழுந்து, தேனீயின் உடலில் இருக்கும் வேற்றுச் செடி மகரந்தத்தில் மோதும். தன் மகரந்தத்தால் விளைந்த சந்ததி நோஞ்சானாகிவிடும் என்பதால், ரகம் உண்டாக்குவோர் பல பெற்றோர்களை ஒன்றாக வைத்துக் கலக்கவிட்டு, அந்தக் கூட்டத்தையே ரகமாக விடுகிறார்கள். அதோடு ஒவ்வொரு செடியும் ஒரு லோக்கஸில் (குரோமோசோமில் ஓர் இடம்) நான்கு அல்லீல் வரை தாங்கும். ஆகவே மொத்த மரபு வேறுபாட்டில் பெரும்பகுதி ரகத்துக்குள்ளேயே கிடக்கும், ரகங்களுக்கு இடையில் சிறுபகுதிதான் இருக்கும். வேறுபாட்டைக் கூட்டத்துக்குள், கூட்டங்களுக்கு இடையே என்று பிரித்துக் காட்டும் அமோவா அட்டவணையில் 'கூட்டத்துக்குள்' என்ற வரிசை மற்றதை விழுங்கி நிற்பது இங்கே பிழையல்ல, பயிரின் இயல்பு. உலகெங்கும் இந்தப் பயிரில் பார்ப்பவர்கள் இதையேதான் பார்க்கிறார்கள். பல்லாண்டு ரைகிராஸிலும் இதே கதை.

சரி, அப்படியானால் எப்படி அளப்பது? ரகத்துக்கு ஒரு செடி என்பதை உடனே விட்டுவிடுங்கள். ரகத்தில் 5 சதவீதம் அளவுள்ள ஓர் அல்லீல் உங்கள் மாதிரியில் ஒரு முறையாவது தட்டுப்பட, 95 சதவீத உறுதி வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.95-ஐ 59 தடவை பெருக்கினால் 0.05-க்குச் சற்றுக் கீழே வரும். அதாவது 59 அல்லீல் பிரதிகள் தேவை. இருமடியத்தில் அது 30 செடி. நான்மடியமான குதிரை மசாலில், செடிகள் ஒன்றுக்கொன்று உறவில்லாமல் இருந்தால், 15 செடி. ஒரே காய்க்கொத்தில் எடுத்த விதைகள் உறவுகள்தான், அவை கணக்கில் சேரா. வசதி இருந்தால் 30 வைத்துக்கொள்ளுங்கள். முளைக்கும்போது சில சாகும், டிஎன்ஏ சில கெடும்.

விதையிலிருந்து மாதிரி வளர்த்தால் இன்னொரு கண்ணியும் உண்டு. குதிரை மசால், வேலி மசால், முயல் மசால் எல்லாவற்றிலும் கடின விதை இருக்கும். தட்டில் போட்ட மூன்றாம் நாள் முளைத்த நாற்றுகளை மட்டும் எடுத்தால், சீக்கிரம் முளைக்கும் குணமுள்ள பங்கை மட்டும் எடுத்திருக்கிறீர்கள். விதை உறையின் கடினத்தில் மரபுக்கும் பங்கு இருப்பதால் இந்த மாதிரி சாய்வானது. எல்லா விதையையும் உப்புத்தாளில் தேய்த்தோ வெந்நீரில் நேர்த்தி செய்தோ, முளைக்கும் வாய்ப்பைச் சமமாக்கிவிட்டு அப்புறம் எண்ணி எடுங்கள்.

பகுப்பாய்வில் செடி வாரியான மரப்படத்தைத் தள்ளி வையுங்கள். ரகத்துக்கு ரகம் அல்லீல் விகிதங்களைக் கணக்கிட்டு, அந்த விகிதங்களுக்கு இடையே நெய் (Nei) என்பவரின் மரபுத் தூரம் பார்த்தால், செடி அளவில் பிரியாத ரகங்கள் கூட்ட அளவில் பிரியும். பணம் குறைவென்றால் ரகத்துக்கு 20, 30 செடிகளின் இலையைச் சம எடையில் கலந்து ஒரே குழாயாக வரிசையாக்கி, விகிதத்தை நேரடியாக எடுக்கலாம். ரைகிராஸ் ஆய்வுகளில் இது நன்றாக நிலைபெற்ற முறை. ஆனால் கலவையை வெள்ளிச் சாய ஜெல்லில் ஓட்டி விகிதம் பார்க்க முயலாதீர்கள். அரிய அல்லீல்கள் பேண்டாகவே தெரியாது. கலவையில் செடி அளவுக் கலப்பும் (ஒரு செடியில் ஒரே லோக்கஸில் வேறு வேறு அல்லீல் இருக்கும் ஹெட்டிரோசைகஸ் நிலை) காணாமல் போகும், அதை அப்புறம் மீட்க வழியில்லை.

ரகங்களுக்கு இடையேயான வேறுபாட்டை அளக்கும் எஃப்எஸ்டி 0.05, 0.08 என்று வந்ததும் 'வேறுபாடு இல்லை' என்று எழுதிவிடுகிறார்கள். பொறுங்கள். இந்த அளவு, 1-லிருந்து ரகத்துக்குள் உள்ள பன்மையைக் கழித்தால் வருவதைத் தாண்ட முடியாது. எஸ்எஸ்ஆரில் ரகத்துக்குள் பன்மை 0.8 இருந்தால், இரண்டு ரகங்கள் ஓர் அல்லீலைக்கூடப் பகிர்ந்துகொள்ளாவிட்டாலும் எஃப்எஸ்டி 0.2-க்கு மேல் போகாது. ஆகவே ஜோஸ்டின் டி அல்லது ஹெட்ரிக்கின் திருத்தப்பட்ட அளவையும் பக்கத்தில் போடுங்கள்.

இந்த முடிவைத் தோல்வியாக எழுதாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். வேறுபாட்டின் பெரும்பங்கு ரகத்துக்குள் இருக்கிறது என்றால், இருக்கிற ரகத்துக்குள்ளேயே செடித் தேர்வு செய்து முன்னேற இடமிருக்கிறது என்று பொருள். பயிர்ப்பெருக்கம் செய்பவருக்கு இதைவிட நல்ல சேதி என்ன வேண்டும்?

அறிகுறி: ஒரே பெயர், இரண்டு பேண்ட் அமைப்பு; இரண்டு பெயர், ஒரே அமைப்பு

கம்பு நேப்பியரும் நேப்பியரும் தரும் தலைவலி. கரணையாகப் பெருகும் பயிரில் பெயர் மட்டுமே அடையாளம். பெயர்ப் பலகை சாய்ந்தால் எல்லாம் போச்சு. சந்தையில் ஒரு பெயருக்கு மவுசு வந்ததும் கண்ட கரணையும் அதே பெயரில் கைமாறும்.

முதல் வேலை வயலில். தூரின் நடுவில், பெயர்ப் பலகையை ஒட்டி இருக்கும் தூரிலிருந்து மட்டும் இலை எடுங்கள். பாத்திகளுக்கு இடையே முளைத்து நிற்பதைத் தொடாதீர்கள். நேப்பியர் பூத்து விதை வைக்கும். விதை உதிர்ந்து முளைத்த நாற்று, ஒரு மழைக்காலத்திலேயே பக்கத்துத் தூரோடு கலந்து அடையாளம் தெரியாமல் வளர்ந்துவிடும். மலடான ஒட்டுப்புல் வரிசைக்குள் விதை நாற்று ஒன்று நின்றால், அது பக்கத்து நேப்பியர் வீட்டுப் பிள்ளை. தண்டின் கணுவில் உள்ள ரோமம், இலையுறையின் நிறம், பூங்கதிரின் நிறம் மூன்றையும் குறித்துக்கொண்டால் மாறிப்போன தூரை அங்கேயே பிடித்துவிடலாம்.

ஆய்வகத்தில், உங்கள் பிழை எவ்வளவு என்பதை முதலில் அளவிடுங்கள். ஒரே தூரிலிருந்து இரண்டு முறை இலை எடுத்து, இரண்டு தனிப் பிரித்தெடுப்பாக, வேறு வேறு பெயரில் ஓட்டுங்கள். சில ஜோடிகள் போதும். அவை எத்தனை அல்லீலில் முரண்படுகின்றனவோ அதுவே உங்கள் பிழை எல்லை. அந்த எல்லைக்குள் வேறுபடும் இரண்டு பெயர்களை 'வேறு மரபமைப்பு' என்று அறிவிக்கக் கூடாது. எல்லையைத் தாண்டினால்தான் பேச்சு. எல்லாச் செடிகளுக்குமான ஜோடி தூரங்களை வரைபடமாகப் போட்டால், பூஜ்யத்தை ஒட்டி ஒரு சின்ன மேடு, அப்புறம் ஒரு பள்ளம், அப்புறம் பெரிய மேடு என்று தெரியும். பள்ளத்தில் கோடு போடுங்கள். இடப்பக்கம் இருப்பவை நகல்கள். ஆர் மொழியின் பாப்பர் தொகுப்பு இதைச் செய்துதரும். நகல்களை ஒன்றாகச் சுருக்கிய பிறகுதான் பன்மை எண்களைக் கணக்கிட வேண்டும். இல்லாவிட்டால் அதிகமாகப் பரவிய நகல் ஒன்று முழுத் தொகுப்பின் கணக்கையும் தன் பக்கம் இழுத்துவிடும்.

ஒட்டுப்புல் உண்மையிலேயே ஒட்டுதானா என்பதும் இங்கேயே தெளியும். மும்மடியத்தில் ஒரு தொகுதி கம்பிடமிருந்து, இரண்டு நேப்பியரிடமிருந்து வந்தவை. கோ 4-க்குத் தாய் கோ 8 கம்பு, தந்தை எஃப்டி 461 நேப்பியர். அந்த இரண்டு பெற்றோரையும் ஜெல்லின் முதல் இரண்டு குழிகளில் ஓட்டிவிட்டு, கம்புக்கு மட்டும் உரிய பேண்டைத் தேடுங்கள். பல லோக்கஸ்களில் கம்பு பேண்டே இல்லை என்றால் கையில் இருப்பது ஒட்டுப்புல் அல்ல, நேப்பியர். பசுங்கணிகம் தாய்வழி வருவதால் பசுங்கணிக மார்க்கர் தாய் யார் என்பதை மட்டும் சொல்லும். கம்பைத் தாயாக வைத்த ஒட்டுகள் எல்லாம் அதில் ஒன்றாகத் தெரிந்தால் 'பன்மை இல்லை' என்று பதறாதீர்கள்.

அறிகுறி: கலப்பு (ஹெட்டிரோசைகஸ் நிலை) எதிர்பார்ப்பைவிட மிக அதிகம், எஃப் மதிப்பு (உள்ளினக் கலப்பின் அளவு) மைனஸில்

கினியா புல், கொழுக்கட்டைப் புல் என்றால் முதலில் அப்போமிக்சிஸைச் சந்தேகியுங்கள். தாயின் ஹெட்டிரோசைகஸ் நிலை அப்படியே பூட்டப்பட்டு விதை வழியாகத் தலைமுறை தலைமுறையாகப் போகிறது. பிரிந்து குறைய வழியே இல்லை. செடிகள் தற்செயலாகக் கலப்பதாக எடுத்துக்கொள்ளும் ஹார்டி வெயின்பெர்க் சோதனையை இவற்றில் போடுவதே தவறு. எத்தனை அல்லீல் என்பதைவிட எத்தனை தனி மரபமைப்பு என்று எண்ணுங்கள்.

நிச்சயப்படுத்த, ஒரு தாயின் விதையில் இருபது நாற்று வளர்த்து, தாயோடு சேர்த்து ஓட்டுங்கள். எல்லாம் தாய் மாதிரியே என்றால் விஷயம் முடிந்தது. ஒன்றிரண்டு மாறி வந்தால் தூக்கி எறியாதீர்கள். மாறிய நாற்றில் தாயின் எல்லா அல்லீலும் இருந்து, மேலே புதியவையும் சேர்ந்திருந்தால், குறைவுபடாத கருமுட்டை மகரந்தத்தோடு சேர்ந்திருக்கலாம். கொழுக்கட்டைப் புல்லில் 36-உடன் 18 சேர்ந்து 54 குரோமோசோம் ஆகும். தாயின் பாதி அல்லீல்களைக் காணோம், வேறு அல்லீல் வந்திருக்கிறது என்றால் அந்தத் தாயில் பாலியல் வழி திறந்திருக்கிறது. அந்தத் தாய் பொன். கொழுக்கட்டைப் புல்லில் கலப்பின வழியில் ரகம் உண்டாக்கும் வேலையே, டெக்சாஸில் பாலியல் வழியில் விதை வைக்கும் ஒரு செடி கிடைத்த பிறகுதான் சாத்தியமானது.

கலப்பு செய்துவிட்டு விதை பிடித்ததைப் பார்த்து ஏமாறுவதும் இந்தப் புற்களில் நடக்கும். கருவுக்கு மகரந்தம் வேண்டாம், ஆனால் முளைசூழ் தசைக்கு வேண்டும். ஆகவே வேற்று மகரந்தம் தூவினால் விதை நிறையும், உள்ளே இருப்பது தாயின் நகல். கலப்பு வெற்றி என்பதை மார்க்கர் சொல்ல வேண்டும், விதை எண்ணிக்கை அல்ல.

விதைவழிப் பயிரில் அப்போமிக்சிஸும் இல்லை, ஆனாலும் சில லோக்கஸ்களில் எல்லாச் செடியுமே ஹெட்டிரோசைகஸ் என்றால், அது ஒரு லோக்கஸ் அல்ல, இரண்டு. நேப்பியர், முயல் மசால் போன்ற கலப்பு நான்மடியங்களில் இரு உட்தொகுதிகளிலும் ஒரே பிரைமர் ஒட்டும். இரண்டின் பேண்டும் சேர்ந்து வரும். அப்படிப்பட்ட லோக்கஸ்களை நீக்கிவிடுங்கள். வரிசையாக்கத் தரவில், கலப்பும் ரீடு ஆழமும் (ஓர் இடம் எத்தனை தடவை வாசிக்கப்பட்டது என்பது) சேர்ந்து சராசரியை விட்டு மேலே துருத்தி நிற்பவை இவைதான்.

அறிகுறி: கலப்பு எதிர்பார்ப்பைவிட மிகக் குறைவு

அயல் மகரந்தச் சேர்க்கைப் பயிரில் இது வந்தால் 'உள்ளினக் கலப்பு' (உறவுகளுக்குள் சேர்க்கை) என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதும் முன் லோக்கஸ் வாரியாகப் பிரித்துப் பாருங்கள். இரண்டு மூன்று எஸ்எஸ்ஆரில் மட்டும் குறைவு, மற்றவை இயல்பு என்றால் வெற்று அல்லீல்: பிரைமர் ஒட்டும் இடத்தில் மாற்றம் வந்து, அந்த அல்லீல் பெருகவே இல்லை. இனம் தாண்டிக் கடன் வாங்கிய பிரைமரில் இது அதிகம். அந்த லோக்கஸ்களை நீக்குங்கள், அல்லது பிரைமரைத் திரும்ப வடிவமையுங்கள். தனித்தனி ரகமாகப் பார்த்தால் இயல்பு, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் மட்டும் குறைவு என்றால், வேறு கூட்டங்களை ஒன்றாக்கியதால் வந்த குறைவு அது. கொட்டாமல் இருந்தாலே போதும்.

எல்லா லோக்கஸிலும் குறைவு, அதுவும் ரீடு குறைந்த மாதிரிகளில் அதிகக் குறைவு என்றால் சிக்கல் ஆழத்தில் இருக்கிறது. கணக்கைப் பாருங்கள். இருமடியத்தில் ஹெட்டிரோசைகஸ் செடிக்கு ஒரு இடத்தில் 5 ரீடு கிடைத்தால், ஐந்தும் ஒரே அல்லீலிலிருந்து வர 100-க்கு 6 வாய்ப்பு. 6 ரீடு என்றால் 3. ஆகவே சோளத்துக்கு 6 சமாளிக்கும். குதிரை மசாலில் நான்கு பிரதியில் ஒன்று மட்டும் மாறியிருந்தால் ஒவ்வொரு ரீடும் அந்த அரிய அல்லீலைத் தவறவிட முக்கால் வாய்ப்பு. 6 ரீடில் தவறவிட 100-க்கு 18 வாய்ப்பு! அதை 5-க்குக் கீழே கொண்டுவர 11 ரீடு வேண்டும். இருமடியத்துக்கு எழுதிய வடிகட்டியை அப்படியே நான்மடியத்துக்குப் போட்டதால், நல்ல கலப்புள்ள மசால் ரகங்கள் உள்ளினக் கலப்பு அடைந்தவையாக ஆய்வறிக்கையில் ஏறிவிடுகின்றன. இது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பிழை. அந்த எண்ணை நம்பி ஒருவர் ஒரு நல்ல கூட்டத்தைக் கழித்துவிடக் கூடும்.

11 ரீடு என்பது அல்லீல் இருக்கிறதா இல்லையா என்பதற்கு மட்டும். மூன்றுக்கு ஒன்றா, இரண்டுக்கு இரண்டா, ஒன்றுக்கு மூன்றா என்று அளவு பிரிக்க இன்னும் பல மடங்கு ஆழம் வேண்டும். ஆழம் இல்லையென்றால் அளவை ஊகித்து ஒரே விடையாக எழுதாதீர்கள். அப்டாக், பாலிராட் போன்ற நிரல்கள் ஒவ்வொரு அளவுக்கும் நிகழ்தகவு தரும், அதையே அடுத்த கணக்குக்குக் கொண்டுபோகலாம். எஸ்எஸ்ஆரில் அளவு தெரியாவிட்டால் உண்டு இல்லை என்று 1, 0 ஆக எழுதிவிட்டு, ஜக்கார்டு அல்லது டைஸ் ஒப்புமை எடுங்கள். எளிய பொருத்தக் கெழு வேண்டாம். இரண்டு செடியிலும் ஒரு பேண்ட் இல்லை என்பதை அது ஒற்றுமையாக எண்ணிவிடும், பல அல்லீல் உள்ள லோக்கஸ்களில் எல்லாமே உறவு போலத் தெரியும். நான்மடியத்துக்கு ஜெனோடைவ், பாலிசாட் நிரல்கள் இரண்டும் பொருந்தும்.

அறிகுறி: ஸ்டிரக்சர் எப்போதும் இரண்டு குழுவே காட்டுகிறது

ஸ்டிரக்சர் என்பது செடிகளை மரபுக் குழுக்களாகப் பிரிக்கும் நிரல். எத்தனை குழு என்று முடிவு செய்யும் எவான்னோ முறையின் டெல்டா கணக்கு, குழு ஒன்று என்ற விடையைத் தரவே முடியாது. அடுத்தடுத்த மதிப்புகளின் வேறுபாட்டை வைத்துத்தான் அது இயங்குகிறது. ஆகவே பிரிவே இல்லாத தொகுப்பிலும் இரண்டு என்று சொல்லும். நிகழ்தகவு வளைவை நேரடியாகப் பாருங்கள். நகல்களையும் ஒரே குடும்பத்துச் செடிகளையும் நீக்கிவிட்டு, ரகங்களுக்கு மாதிரி எண்ணிக்கையைச் சமமாக்கித் திரும்ப ஓட்டுங்கள். அப்போமிக்டிக் புல்லுக்கும் கரணைப் பயிருக்கும் ஸ்டிரக்சரையே விட்டுவிட்டு, முதன்மை ஆய வரைபடம் அல்லது டிஏபிசி (முதன்மைக் கூறுகளை வைத்துக் குழு பிரிக்கும் முறை) போதும்.

அறிகுறி: என் பிஐசி 0.3, மற்றவர்களுடையது 0.8

பிஐசி என்பது ஒரு மார்க்கர் எவ்வளவு வேறுபடுத்திக் காட்டும் என்பதன் அளவு. எஸ்என்பியில் (ஒற்றை எழுத்து மாறிய இடத்தில்) இரண்டே அல்லீல். பிஐசி அதிகபட்சமே 0.375தான். எஸ்எஸ்ஆரோடு ஒப்பிடாதீர்கள். அல்லீல் எண்ணிக்கையை ஒப்பிடுவதானால், மிகச்சிறிய மாதிரியின் அளவுக்கு எல்லாவற்றையும் இறக்கிக் கணக்கிடும் ரேரிஃபாக்ஷன் செய்துவிட்டு ஒப்பிடுங்கள்.

அறிகுறி: மார்க்கர் மரமும் டி-ஸ்கொயர் குழுக்களும் ஒத்துப்போகவில்லை

1936-இல் மகலனோபிஸ் தந்த, பல வயல் பண்புகளைச் சேர்த்து அளக்கும் இந்த டி-ஸ்கொயர் தூரத்தை நம் நாட்டுப் பயிர்ப்பெருக்கத் துறைகள் அளவுக்கு யாரும் பயன்படுத்துவதில்லை. அதனால் ஆய்வேட்டில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன, ஒத்துப்போகாததும் உடனே கண்ணில் படுகிறது. இரண்டும் வேறு வேறு பொருளை அளக்கின்றன. மார்க்கர்களில் பெரும்பாலானவை தேர்வுக்கு ஆட்படாத இடங்கள். உயரம், தூர் எண்ணிக்கை, பசுந்தீவன மகசூல் ஆகியவை மனிதர் தேர்ந்து தேர்ந்து ஒரே திசையில் இழுத்தவை.

ஆனால் எல்லா முரண்பாட்டையும் இந்த விளக்கத்தில் போட்டு மூடிவிடவும் கூடாது. தீவனப்பயிரில் வயல் தரவே பல நேரம் அரைகுறை. முதல் அறுவடையில் நடவுக் கரணையின் பருமன், முளைப்பின் வேகம் எல்லாம் ரகத்தின் குணமாக வேடம் போடும். மறுதாம்பு அறுவடைகளில்தான் ரகத்தின் உண்மையான தழைப்பு வெளிப்படும். ஒரே அறுவடை, ஒரே பருவத் தரவு என்றால் அந்த டி-ஸ்கொயரை மார்க்கரோடு ஒப்பிடவே வேண்டாம். குறைந்தது ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் உட்படப் பல அறுவடைகளின் மதிப்பை எடுத்து, இலைத் தண்டு விகிதம், உலர்பொருள், புரதம் ஆகியவற்றைச் சேர்த்து, ஒன்றோடொன்று இறுகத் தொடர்புள்ள பண்புகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, இரண்டு தூர அட்டவணைகளை ஒப்பிடும் மேன்டல் சோதனை போடுங்கள். அப்புறமும் தொடர்பு குறைவென்றால் அதை அப்படியே எழுதலாம்.

அறிகுறி: அறிக்கை தயார், 'எதை எதோடு கலப்பது?' என்ற கேள்விக்குப் பதில் இல்லை

அதிக தூரத்தில் இருக்கும் இரண்டைக் கலக்கலாம் என்று ஒரு வரி எழுதி முடிப்பது வழக்கம். மார்க்கர் தூரத்துக்கும் ஒட்டு வீரியத்துக்கும் உள்ள தொடர்பு நம்பத்தக்க அளவுக்கு வலுவாக இருப்பதில்லை, தூரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு போனால் தழைக்காத செடிகளின் கலப்புதான் மிஞ்சும். வயல் செயல்திறனில் முதல் பாதிக்குள் வரும் செடிகளை முதலில் பிரித்தெடுங்கள். அவற்றுக்குள் தூரம் பாருங்கள். குதிரை மசாலில், நல்ல செடிகளில் உறவு குறைந்தவையாகப் பத்து பன்னிரண்டைப் பிரித்து, ஒன்றுக்கொன்று சம வாய்ப்பில் கலக்கும்படி தனித்த இடத்தில் பலமுறை மாற்றி மாற்றி நடுங்கள். கம்பு நேப்பியரில், தாய்க் கம்பை ஒன்றிரண்டில் நிறுத்திக்கொண்டு, நேப்பியர் தந்தைகளை வேறு வேறு மார்க்கர் குழுவிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள். ஒரே குழுவிலிருந்து நான்கு தந்தை எடுப்பது ஒரே ஒட்டை நான்கு முறை செய்வதற்குச் சமம். கொழுக்கட்டைப் புல்லில், பாலியல் தாய் இருந்தால் மட்டும் கலப்புத் திட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் தனி மரபமைப்புகளின் பட்டியலைக் கொடுத்து, அவற்றை நேரடியாக வயல் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள்.